இருநூற்றைம்பது விழுக்காடு

யாங்கோனிலிருந்து இரவுப் பேருந்தில்
வெங்காய மூட்டைக்கும் யாரோ பெற்ற பிள்ளையின் காலுக்கும் நடுவே
மோல்மீன் வந்து சேர்ந்தது
இரண்டாம் கை மடிக்கணினி.
துடைத்துத்தான் விற்றான், மேல்மூடியை மட்டும்.
"எப்பவாவது எழுத்து பெருத்துரும்,
வேற நோய் கிடையாது" என்றான்.
முன்பு யாருடையது?
"ஒரு அம்மாவோடது."
அதற்குமேல் அவனும் சொல்லவில்லை,
பேரம் படிந்த மகிழ்ச்சியில் நானும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது
கடைக் கணக்கு, படகு வரும் நேரம், வெங்காய விலை.
விலை ஒழுங்காகத்தான் தெரிந்தது.
மின்கட்டணப் பக்கத்தைத் திறந்தேன்:
பர்மிய எழுத்து வட்டம்தானே,
இட்லித் தட்டு இட்லித் தட்டாய் வந்து உட்கார்ந்துகொண்டது.
கட்ட வேண்டிய தொகையில் பாதிதான் திரைக்குள்.
மீதி சுவருக்கு அந்தப் பக்கம்,
பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவார் போல.

தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால்
அங்கே வேறு வியாதி.
கொம்பு ஒரு மூலை, எழுத்து ஒரு மூலை,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வெறும் வட்டம்,
யாருக்கோ இடம் பிடித்து வைத்ததுபோல்.

மருதமுத்துவைக் கூப்பிட்டேன்.
வீட்டில் மருதமுத்து, அட்டையில் மின் தூன்.
தொலைபேசி பழுதுபார்க்கும் கடையில்
எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்ப்பான்.
மின்சாரம் இருந்த நாலு மணி நேரத்தில் ஒன்றரை மணி
அதன் முன் குந்தியிருந்தான்.
ஓர் எழுத்துருவை இறக்கினான்;
கொம்பு ஓடிவந்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.
திரையின் அளவை மாற்றினான்;
படங்கள் எல்லாம் சப்பை மூக்காயின.
பழையபடி வைத்தான்.
"கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டே பூஜ்ஜியத்தைத் தட்டுங்க."
தட்டினேன்.
மின்கட்டணம் முழுதாய் வந்தது.
வராமலே இருந்திருக்கலாம்.

ஆனால் அடுத்த பக்கம் மறுபடி பெருத்தது.
தலையைச் சொறிந்தான், வெற்றிலை மென்றான்,
உலாவியின் அமைப்புகளுக்குள் எங்கோ இறங்கிப் போனான்.
"அக்கா, இது நோயில்ல, ஞாபகம்.
எந்தப் பக்கத்தை எவ்வளவு பெருசாக்கிப் படிச்சாங்கன்னு
தனித்தனியா எழுதி வச்சிருக்கு."

பட்டியல் நீளமில்லை.
மருந்துக்கடை, நூற்றைம்பது.
கண் ஆஸ்பத்திரி, இருநூறு.
மருதமுத்து ஒவ்வொன்றாய்ப் பெருக்கல் குறியைத் தட்டி
அழித்துக்கொண்டே போனான்.
கடைசி வரியில் இருநூற்றைம்பது.
"இது என்ன பக்கம்?" என்றேன்.
திறந்தான்.

விடுதலையானவர்களின் பெயர்கள்.
பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி.
ஒரு திரைக்கு மூன்றே பெயர்.
உருட்டினால் இன்னும் மூன்று.

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.
வெளியே யாருடைய ஜெனரேட்டரோ இருமிக்கொண்டிருந்தது.
"இதையும் அழிச்சிரவா?"
சுட்டியின் அம்பு
அந்தப் பெருக்கல் குறிமேல் போய் நின்றது.
"அது இருக்கட்டும்" என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் கிடையாது.
காசு வாங்காமல் போனான்;
போகும்போது ஒரு கிலோ வெங்காயம் எடுத்துக்கொண்டான், அது வேறு.

இப்போது எல்லாம் நூறு விழுக்காடு.
கணக்கு தன் கட்டத்துக்குள், படகு தன் நேரத்தில்.
அந்தப் பக்கத்துக்கு நான் போவதே இல்லை.

பொய் எதற்கு, ஒருமுறை போனேன்.
போன வாரம், கடை சாத்திய பிறகு.
புதிதாக நாற்பது பெயர் சேர்ந்திருந்தது.
எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று தெரியாததால்
மூன்று மூன்றாய்
எல்லாப் பெயரையும் படித்தேன்.