மூன்றாவது கோர்

கல்லுக்கட்டிக் கடையில் வயிரவன்
இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தான்.
ஒன்றில் இரண்டு கோர். ஒன்றில் நான்கு.
ஆயிரத்து எண்ணூறு வித்தியாசம்,
பில் வேண்டாமென்றால் ஆயிரத்து அறுநூறு, ஆச்சி.

டூயல் கோர் நாலு கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்றான்,
சாதாரண விசிறிக்கே.
பூஞ்சிட்டு மாட்டு ஜோடி மாதிரி, தார்க்குச்சி காட்டினால் போதும்.
குவாட் நாலும் பெரிய மாடு.
நாலு மாட்டை எந்த வண்டியில் பூட்டுவீர்கள்?

கேள்வி சரிதான்.
அவனிடம் வாங்குகிற பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்கள்.
அந்த விளையாட்டு இரண்டு கோரைத் தொடும், மீதியைத் தூங்கவிடும்.
நான் வைத்திருப்பது கல்யாணம்.
வைகாசியில் ஒன்பது கல்யாணம்,
ஒவ்வொன்றும் மூன்று கேமரா,
ஒவ்வொரு மாலையும் மெதுவாக விழவேண்டும்.
பழைய இயந்திரத்தில் ஒரு கல்யாணம் வெந்து இறங்கப் பதினொரு மணி நேரம்.

நாலு, என்றேன்.

செக்காலை ரோட்டு மாடி அறையில் இரவு ஒன்பதுக்கும் முப்பத்தைந்து டிகிரி.
பச்சைப் பயறு அளவு பசை வைத்து
ஹீட்சிங்கை அழுத்தித் திருகினேன்.
பெருக்கும் எண் ஒன்பதில் பூட்டியிருந்தது,
பஸ் வேகத்தைத்தான் ஏற்ற முடியும்.
இருநூற்று அறுபத்தாறு. முந்நூறு.
முந்நூற்று முப்பத்து மூன்று, மூன்று கிகாஹெர்ட்ஸ்.
வோல்டேஜை ஒரு சிட்டிகை கூட்டி
முந்நூற்று ஐம்பத்தாறு.

நீலத் திரை.

மறுபடி. நீலத் திரை.

ஒவ்வொரு கோரையும் தனியே நிறுத்தி விசாரித்தேன்.
இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும்,
ஆகவே இரண்டு என்று பெயருள்ள மூன்றாவது கோர்.
மற்றவை அறுபத்தைந்தில் இருக்க
அது எழுபத்தெட்டில் கொதித்து, கூட்டலில் தப்பு விட்டது.

மூன்று பங்காளிகள் கையெழுத்துப் போட்டாயிற்று,
ஈப்போவில் இருப்பவர் போடவில்லை.
அவ்வளவுதான், பத்திரம் அப்படியே கிடக்கும்.
வயிரவன் சொல்லாமல் விட்டது இதைத்தான்:
தலை கூடக் கூட
எல்லாத் தலையும் ஒத்துக்கொள்ளும் வேகம் இறங்கும்.
இரண்டு பேர் என்றால் எப்படியும் பேசித் தீர்த்துவிடலாம்.

தீர்க்கலாம்தான்.
கோயில் வரிச் சிட்டையில்
இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு புள்ளி.
நாலு வருஷமாய் நான் அரைப்புள்ளி.
அழகப்பாவில் சி மொழி படித்தபோது
அரைப்புள்ளி இல்லாமல் ஒரு வரியும் முடியாது என்று
கரும்பலகையில் கோடிட்டுக் காட்டினார்கள்.
வரி வாங்க வருகிறவர்கள்
அந்த வகுப்புக்கு வந்ததில்லை.

நள்ளிரவுக்கு மேல் இறங்கத் தொடங்கினேன்.
ஐம்பது. நாற்பது. முப்பது.
ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரச் சோதனை,
ஒவ்வொன்றிலும் மூன்றாவது கோர்
கடைசி நிமிஷத்தில் கையை விரித்தது.
நாலு பத்துக்குக் கரண்ட் போயிற்று.
யுபிஎஸ் கோழிக்குஞ்சு போலக் கத்திக்கொண்டிருக்க
இருட்டில் இரண்டு வாழைப்பழம் தின்றேன்.

முந்நூற்று இருபத்தேழில்
மூன்றாவது கோர் வாய் திறக்கவில்லை.
ஒன்பதால் பெருக்கினால்
இரண்டு புள்ளி ஒன்பது நாலு.
காளையார்கோவில் பெண்ணின் கல்யாணத்தை ஏற்றிவிட்டேன்.

எட்டு மணிக்கு வயிரவன் போன்.
எவ்வளவு போச்சு?
சொன்னேன்.
சிரித்தான். டூயல் என்றால் நாலு போயிருக்கும்.
போயிருக்கும், என்றேன்.

திரையில் அறுபத்தொரு சதவீதம்.
மணப்பெண் குனிந்த தலையோடு அப்படியே நிற்கிறாள்,
கழுத்துக்கு வரவேண்டிய கழுத்துரு
இன்னும் இரண்டு கைகளுக்கு நடுவே.
பதினொன்றுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள்.
மூன்றாவது கோர் எழுபத்திரண்டு டிகிரி.

டேபிள் ஃபேனை
என் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பினேன்.