ஏறின கலர்

பங்குனி பத்து. ஞாயிறு. காலை ஐந்து ஐம்பது.
மங்கலம் ரோட்டில் டீக்கடை மட்டும் விழித்திருந்தது.
குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தி
பனியன் வேஸ்ட்டில் சுற்றி வந்த
பைனாகுலரை அவிழ்த்தேன்.
இடது கண்ணாடியில் ஒரு கீறல்.
அதனால் நான் பார்க்கும் எல்லா வாத்துக்கும்
கழுத்துக்குக் குறுக்கே ஒரு நூல் உண்டு.

போன வாரம் ஊசிவால் வாத்து நூற்றுப் பன்னிரண்டு.
இன்றைக்குப் பதினேழு.
ஜெசிந்தா டீச்சர் மறுபடி எண்ணினார். பதினேழேதான்.
"ராத்திரியே கிளம்பிருச்சுங்க" என்றார்,
கடைசி பஸ் போன சேதி சொல்கிறவர் போல.
தட்டைவாயன் நாலு மட்டும்
தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன,
ஒரு அவசரமும் இல்லாமல்.

வேலமரங்களிலிருந்து சூறைக்குருவிகள் எழுந்தன.
முந்நூறோ அறுநூறோ.
ரோஸ் உடம்பு, கறுப்புத் தலை.
எண்ணி முடிக்குமுன் வளைந்து, மடிந்து,
சென்னிமலைப் பக்கமாகத் திரும்பிவிட்டன.

நான் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவன்.
பதினான்கு வருடம்.
பையர் அனுப்பும் ரெண்டு விரல் அகலத் துணிக்கு
கிராமில் நூறில் ஒரு பங்கு கூட்டி, குறைத்து
அதே நிறத்தை வரவைக்கும் வேலை.
குறிப்பேட்டிலும் அந்தக் கை நிற்பதில்லை.
மீன்கொத்தி: டர்க்காய்ஸ், இரண்டு சதம், வெயிலில் மூன்று.
பச்சைப் பஞ்சுருட்டான்: மஞ்சள் தூக்கல், தொண்டை வேறு லாட்.
பனங்காடைக்கு நேராக இன்னும் காலியிடம்.
உட்கார்ந்தால் ஒன்று, பறந்தால் வேறொன்று,
அதற்கு எவன் அப்ரூவல் தருவான்?

மேற்கு ஓரம், எருமைகள் நின்ற சேற்றில்
உண்ணிக்கொக்கு ஒன்பது.
அதில் ஐந்துக்குத் தலை, கழுத்து, முதுகு
எல்லாம் ஆரஞ்சு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.
அந்த ஆரஞ்சு எனக்குத் தெரியும்.
வியாழன் ராத்திரி ஷிப்டில் ஓட்டியது,
குழந்தைகள் டீ-சர்ட், நானூறு கிலோ.
குப்புராசு டியூட்டி.
கழிவு வால்வு எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று
நான் கேட்டிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் போன காலத்தில்
நொய்யல் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்து
இந்த வாரம் ஊருக்கு எந்தக் கலர் ஆர்டர் என்று
பந்தயம் கட்டியவர்கள் நாங்கள்.
ஒரு முறை ஊதா சொல்லி
நான் நாலு தேன்மிட்டாய் ஜெயித்தேன்.

"டீச்சர், கொக்குக்குக் கலர் ஏறிருச்சுங்க."
"ஏறத்தானுங்களே செய்யும்?"
"அதில்லைங்க. சாயம்."
அவர் பைனாகுலரை இறக்கி
ஒரு புதுப் பறவையைப் பார்ப்பது போல
என்னைச் சற்று நேரம் பார்த்தார்.
"கூடு கட்டற பருவமுங்க. பங்குனி, சித்திரையில அப்படித்தான்.
அக்கட்ட அந்த மடையானைப் பாருங்க, முதுகெல்லாம் மெரூன்.
அதையும் நீங்கதான் முக்கி எடுத்தீங்களாக்கும்?"

போன இரண்டு பங்குனியும் ஆடிட், ஞாயிறும் வேலை.
எனக்குத் தெரிந்தவை எல்லாம்
கார்த்திகை, மார்கழிக் கொக்குகள்.
வெள்ளை.

நம்பாமல் இல்லை.
இருந்தும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன்.
இருபதடி வரை நிற்கவிட்டன.
சாயமென்றால் ஓரம் கசிந்திருக்கும்,
காய்ந்த இடமும் காயாத இடமும் காட்டிக்கொடுக்கும்.
இது இறகின் அடியிலிருந்தே வந்திருந்தது.
ஒரு எருமை காதை ஆட்ட
ஐந்தும் நாலுமாகப் பிரிந்து பறந்தன.

டீச்சர் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.
நானும் எழுதினேன்: ஒன்பது. ஷேடு, பிறகு.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி
குப்புராசுக்கு போன் போட்டேன்.
"ஞாயித்துக்கிழமையில என்னுங்ணா?" என்றான்.
வியாழன் ராத்திரி வால்வைப் பற்றிக் கேட்டேன்.
எங்கோ ஒரு ஆட்காட்டி
விடாமல் கத்திக்கொண்டிருந்தது.
என் பக்கமா, அவன் பக்கமா தெரியவில்லை.
அவன் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.