ஏப்ரலில் பார்க்கலாம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்
மூலநிரல் எங்கே என்று கேட்டேன்.
விர்வே நாற்காலியைத் திருப்பாமலே கை காட்டினாள்.
மேசைக்கடியில் பழுப்பேறிய ஒரு பெட்டி,
அதன்மேல் டேப் ஒட்டிய காகிதம்:
அணைக்காதே. தூசி தட்டவும் வேண்டாம்.

உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர்.
வெப்பம்_புதியது. வெப்பம்_புதியது2.
வெப்பம்_கடைசி. வெப்பம்_நிஜமாகவே_கடைசி.
வெப்பம்_ஹெய்க்கி_தொடாதே.
யார் இந்த ஹெய்க்கி?
ஆறு வருடம் முன்பே பின்லாந்துக்குப் போய்விட்டானாம்.
தொடாதே மட்டும்
இன்னும் இங்கே வேலை பார்க்கிறது.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
தமுலா ஏரியின் மேல் யாரோ காரோட்டிப் பழகுகிறார்கள்.
வோருவின் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு
எத்தனை டிகிரியில் சுடுநீர் போகவேண்டும் என்பதை
என்னைவிட வயதில் கொஞ்சமே இளைய நிரல் ஒன்று
காலுக்கடியில் முனகி முனகி முடிவுசெய்கிறது.

பதினான்கு ஸ்லைடு தயாரித்தேன்.
பழையது, புதியது, நடுவில் அம்புக்குறி.
மேலாளர் தாவெத் கடைசிவரை தலையாட்டினார்.
"அருமை. ஏப்ரலில் பார்க்கலாம்" என்றார்.
எந்த ஏப்ரல் என்று சொல்லவில்லை.
ரைவோ ஒன்றே ஒன்று சொன்னான்:
"ஓடிக்கிட்டுதானே இருக்கு?"
அதற்கு என்னிடம் ஸ்லைடு இல்லை.

வாய் சும்மா இருந்ததா?
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரியைத்
திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
தெரு காசே, எண் பதினொன்று என்றால்
மூன்று டிகிரி கூட்டு.
ஏன் கூட்டவேண்டும், ஒரு விளக்கமும் இல்லை.
"இந்த மாதிரிக் குப்பைதான்" என்றேன்.
விர்வே எழுந்து போனாள்.
அவள் கோப்பையில் காபி அப்படியே இருந்தது.

பிறகு, சிகரெட் பிடிக்கும் கதவருகே
கையுறையைக் கழற்றாமல் ரைவோ சொன்னான்.
முன்பொருமுறை புது நிரல் வந்ததாம்,
தலைநகரத்துக் கம்பெனி, கோட்டு சூட்டு.
பிப்ரவரி இரவொன்றில்
காசே பதினொன்று பட்டியலிலிருந்து நழுவிவிட்டது.
பத்தொன்பது வீடு.
குழாய் வெடித்து, மாடிப்படியெல்லாம் பனிக்கட்டி.
தொலைபேசிக்குப் பக்கத்தில் விடியும்வரை விர்வே.
பழைய பெட்டியைக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோக
யாரோ சோம்பல்பட்டதால்
அது இன்னும் வேன் டிக்கியில் கிடந்ததாம்.

"அந்தக் கட்டடம் இப்போ எங்கே?" என்றேன்.
"இடிச்சாச்சு. கார் நிறுத்துறாங்க."

மத்தியானம் போய்ப் பார்த்தேன்.
ஊரெல்லாம் முழங்கால் பனி.
அங்கே மட்டும், குழாய் போகும் நீளத்துக்கு,
கருப்பாய் ஈரத் தார்.
அதில் நாலு பூனை,
வாடகை கொடுத்தவை போல.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின்
யாரிடமும் கேட்காமல்
ஃபோல்டர் முழுவதையும் கிட்டில் ஏற்றினேன்.
ஓர் எழுத்தும் மாற்றவில்லை.
முதல் பதிவுக்கு எழுதிய குறிப்பு:
இருந்தது இருந்தபடி.

திங்கள் காலை எட்டுக்கு முன்பே
"யார் கை வெச்சது?"
கழுத்து சிவந்திருந்தது அவளுக்கு.
மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
இது என்ன, பெயர் என்ன, எதுவும் கேட்கவில்லை.
"ராத்திரி மூணு மணிக்குப் பழசு திரும்பி வருமா?"
"நீங்களே பாருங்கள்."
அவள் அழிக்கத் தேர்ந்தது
அந்த நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டை.
அழித்தாள். மீட்டாள்.
அழித்தாள். மீட்டாள்.
பூட்டிய பிறகும் கதவை இழுத்துப் பார்ப்பவள்போல
நான்காம் முறையும்.
ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை பெட்டிக்குள் புதிதாய் ஒன்று:
வெப்பம்_விர்வே_புதன்.
சரி, விழலுக்கு இறைத்த நீர் என்று
கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்
எதற்கோ பதிவுகளையும் திறந்தேன்.
அங்கும் அவள் பெயரில் ஒன்று.
குறிப்பு எழுதும் இடத்தில்
ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

நேற்று ரைவோ கேட்டான்,
இல்லாத வீட்டுக்கு எதற்கு மூன்று டிகிரி,
அந்த வரியைத் தூக்கிவிடலாமே.
ஜன்னலுக்கு வெளியே மறுபடி தொடங்கியிருந்தது பனி.
ஏப்ரலில் பார்க்கலாம் என்றேன்.