ஏழு சென்ட்

எங்கள் சீருடையில், இதயத்துக்கு இரண்டு விரற்கடை மேலே,
ஒரு கொக்கு நிற்கிறது.
வட்டத்துக்குள், ஒற்றைக்காலில்.
காலடியில் நான்கு அலை.

வட்டத்தின் கருநீலம் இரவுக்கடல், முடிவின்மை.
தூக்கிய கால் நிதானம்.
மூன்று அலையும் மூச்சின் மூன்று நிலை.
நான்காவது, விழுந்தவன் எழுவதற்கு
முந்தைய மௌனம்.
இப்படித்தான் இருக்கிறது
நாமிசாகி கராத்தே கையேடு, பக்கம் ஆறு,
டேட்டன், ஒஹாயோ.
எழுதியது நான்.

எழுபத்து நான்கில் பள்ளி உடைந்தது.
ஆசான் வரைந்தது மூன்றே அலை என்றது டொலிடோ கிளை.
நான்குதான் என்று
நாங்களும் ஒற்றைக்காலில் நின்றோம்.
வக்கீல் வந்தார். பாய்களைப் பங்கு போட்டோம்.
குத்துப்பலகை அவர்களுக்குப் போயிற்று.
ஒரு கல்யாணம் நின்றது:
மாப்பிள்ளை நான்கலை, பெண் மூன்றலை.

தொகாஷிகி ஆசானைக் கேட்டிருக்கலாம்.
அவர் அதற்கு மூன்று வருடம் முன்பே
ஒகினாவாவில் தன் கரும்புக்கொல்லையில்
மதியத் தூக்கத்திலிருந்து எழவில்லை.
படத்தைத் தையற்கடைக்குக் கொண்டுபோனவன் வெண்டல் க்ரூப்,
பீர் ரசீதின் பின்புறம், பென்சிலில்.
அவன் வியட்நாமிலிருந்து திரும்பவில்லை.
ரசீதும்.

தொண்ணூற்றிரண்டில் நானே போனேன்.
கோசா. விமானதளத்தின் இரண்டாம் வாசலுக்கு எதிரே.
யோனாமினே நாபே, எழுபது வயது.
நாபே என்றால் பானை, என்று அவரே சொன்னார்.
அக்காலத்தில் பெண் பிறந்தால்
அடுப்படியில் கண்ணில் பட்டதன் பெயர்.
சின்னத்தை வாங்கிக் கவிழ்த்தார்.
முன்பக்கம் பார்க்கவேயில்லை.
பின்பக்க முடிச்சுகளை நகத்தால் நெருடி,
"என் கைதான்."

நீலம்?
"கடற்படைக்குத் தைத்ததில் மிச்ச நூல்."
நான்காவது அலை?
"அப்போது இங்கே டாலர். தையலுக்கு இவ்வளவென்று கூலி.
ஓர் அலைக்கு ஏழு சென்ட்.
பையன் குடித்திருந்தான், எண்ணிப் பார்க்கமாட்டான்.
இருபது சின்னம். பெருக்கிக்கொள்ளுங்கள்.
மகனின் பள்ளிப் பணத்தில்
ஒரு டாலர் நாற்பது குறைந்திருந்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருடச் சண்டை!
மொழிபெயர்த்த டாக்சிக்காரரும் சிரித்தார்.

சின்னத்தை நான் பையில் வைக்கையில்
கேட்காமலே சொன்னார்:
"உங்கள் ஆசான் கொக்கை
இரண்டு காலிலும்தான் நிற்கவைத்திருந்தார்."

நாற்பத்தைந்து. தெற்கே ஒரு குகை.
முழங்காலுக்குத் தண்ணீர், உட்கார இடமில்லை.
மேலே பீரங்கி. உங்களுடையது.
ஒரு காலைத் தண்ணீரில் விட்டு ஒரு காலைத் தூக்கி,
பிறகு மாற்றி,
ஒன்பது நாள்.
பக்கத்தில் தங்கை.
ஐந்தாம் நாள் அவள்
மாற்ற மறந்தாள்.

டாக்சிக்காரர் இதை மெதுவாக மொழிபெயர்த்தார்,
ஒரு சொல்லைக் கீழே போட்டு
மறுபடி எடுத்து.
நாபே அதற்குள் அடுத்த துணியைச் சட்டத்தில் இறுக்கியிருந்தார்.

இரு கிளையும் சேர்ந்து கூடிய மண்டபத்தில்
ஏழு சென்ட் கதையைச் சொன்னேன்.
மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.
டொலிடோக்காரர் ஒருவர் எழுந்துவந்து
என் முன்னால் சில்லறையை எண்ணி வைத்தார்:
ஓர் ஐந்து, இரண்டு ஒன்று.
"பாக்கி தீர்ந்தது."
காலைப் பற்றி நான் சொல்லவில்லை.

எங்கள் ஏழாவது கதாவில் கொக்குநிலை வரும்.
மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும்.
நான் இப்போது எண்ணுவதில்லை.

கையேடு மறுபதிப்பாயிற்று.
பக்கம் ஆறில் வட்டம் இருக்கிறது,
அலை இருக்கிறது, அதன் விலையோடு.
தூக்கிய கால் என்பதற்கு எதிரே
ஒரு வரி அகலத்துக்கு வெறும் தாள்.
அச்சுப்பிழை என்று சுட்டிக்காட்டி
இதுவரை இரண்டு கடிதம் வந்திருக்கிறது.