தானிய யானை

புறவழிச்சாலைக்காக வெட்டிய ஆற்றுமேட்டில்
சாலைத்துறை எங்களுக்குக் கொடுத்தது பதினோரு மாதம்.
பனி விழத் தொடங்கியதும்
பானை ஓடுகளோடு உள்ளே வந்துவிட்டோம்,
பிள்ளைகள் இல்லாமல் மூடிய தொடக்கப்பள்ளியின்
உடற்பயிற்சிக் கூடத்துக்குள்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே என் மேசை.
மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று.
பல்துலக்கி நான்கு.
கூலி மணிக்கணக்கில்.

இதற்கு முன்பு சலவைக்கடையில் இருந்தேன்.
கறையைப் பார்த்தே
சோயாவா இரத்தமா என்று சொல்லிவிடுவேன்.
இங்கே கறையைக் கழுவக் கூடாது.
உட்புறம் ஒட்டிய கரி
யாரோ கவனிக்காமல் தீயவிட்ட சால்மனாக இருக்கலாம்.
"அதைத் தொடாதீர்கள், நுமாதா-சான்"
என்று தினமும் சொல்வார் குரோஇவா.
ஐயாயிரம் ஆண்டாக அடிப்பிடித்துக் கிடக்கிறது,
இன்னும் ஒருவரும் தேய்க்கவில்லை.

தழல்போல் விளிம்பு நிமிர்ந்த பானைகள்
பஞ்சுக்குள் உட்கார்ந்து
அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.
எங்களுக்கு மிஞ்சியவை
கயிற்றை உருட்டிப் பதித்த சாதாரண வயிறுகள்.
ஓட்டைச் சாய்த்து விளக்கில் பிடித்தால் தெரியும்
இடமுறுக்கா, வலமுறுக்கா என்று.
கயிறு மக்கிவிட்டது.
முறுக்கு இருக்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியில் குழிகள்.
அரிசி அளவு, கையகல ஓட்டில் பதினேழு.
சிறுகல் உதிர்ந்த இடம் என்று எழுதி வைத்தேன்.
பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒகாபே
ஊசியால் சிலிக்கோனை உள்ளே விட்டான்.
இறுகும்வரை ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.
பிறகு இடுக்கியால் மெல்ல இழுத்தான்.

வண்டு.
மடிந்த கால்கள், முதுகில் புள்ளி வரிசை,
முன்னால் நீண்ட துதிக்கை.
எங்கள் மொழியில் அதற்குத் தானிய யானை என்று பேர்.
போன வாரம்தான் என் அரிசி டப்பாவிலிருந்து
நாற்பதைப் பொறுக்கி
பால்கனிப் பனியில் எறிந்திருந்தேன்.

"அப்போது அரிசியே இல்லையே" என்றேன்.
"செஸ்ட்நட் தின்றிருக்கும்."
நெல் கடல் தாண்டி வர
இன்னும் இரண்டாயிரம் ஆண்டு கிடந்தது.
அதற்குள் வந்து
வீட்டு மூலையில் இடம்பிடித்திருக்கிறது,
இலை போடுமுன்பே பந்திக்கு முந்திய ஆள் மாதிரி.

நகரத்துக்கு எடுத்துப்போய்
ஊடுகதிரில் படம் பிடித்தார்கள்.
சுவருக்குள்ளும் வண்டு, அடியிலும் வண்டு.
முந்நூற்றுச் சொச்சம்.
தற்செயலாக விழுந்ததல்ல, பிசைந்தது.

வேண்டுதல், என்றார் குரோஇவா. விளைச்சல் பெருக.
பழி, என்றான் ஒகாபே. சேமிப்பைத் தின்றதற்குத் தீயில் தண்டனை.
இருட்டில் பிசைந்தால் எது மண் எது வண்டு,
என்றாள் பக்கத்து மேசை முகாயாமா,
தலை நிமிராமல்.
என்னைக் கேட்கவில்லை.

சலவைக்கடையில் கடைசி நாள்
யாருடையதோ ஒரு குளிர்கால மேலங்கியின் உள்மடிப்பில்
ஒரு சோற்றுப் பருக்கையை வைத்துத் தைத்தேன்.
கோபம் இல்லை. வேண்டுதலும் இல்லை.
ஊசி கையில் இருந்தது,
பருக்கை மேசையில் இருந்தது.

கிடைக்காத பகுதிகளுக்கு ஜிப்சம் பூச வேண்டும்.
அசலைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில்,
பொய், பொய் என்று தெரியும்படி.
அது விதி.
மார்ச் முதல் வாரம், கூரையிலிருந்து பனி சரியும் சத்தம்.
குரோஇவா தொலைபேசியில்
சாலைத்துறையிடம் இன்னும் பத்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.
என் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒன்று ஊர்ந்தது,
வீட்டிலிருந்து என்னோடு பேருந்தில் வந்தது.
துதிக்கையை ஆட்டிக்கொண்டே
ஈர ஜிப்சத்தின் விளிம்புவரை வந்து
நின்றது.

மாலை படிவம் நிரப்பினேன்.
பெட்டி எண், நிறம், பூசியவர் பெயர்.
நிரப்பிய பகுதியின் எடை
நூற்றுப் பதினான்கு கிராம்,
யானையைச் சேர்க்காமல்.