ஒரு விரல் ஆட்டம்

முதலில் சத்தம்தான் வந்தது.
எட்டாவது கொண்டை ஊசியில்
இடப்பக்கச் சக்கரத்துக்குள் யாரோ
தகரத்தைச் சுண்டினாற்போல், டொக்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி. அதற்குள்
நாகலூரின் பதினேழு ரத்தக் குழாய்கள்
நான்கு மணிக்குள் சேலத்தில் இருக்க வேண்டும்.
ரேடியோவை அணைத்தேன். சத்தமும் நின்றது.
காது கொடுத்தால் அப்படித்தான் செய்யும்.

மறுநாள் சத்தம் இல்லை, சந்தேகம் மட்டும்.
ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன்.
ஒரு விரல் அகலத்துக்கு வண்டி கேட்பதில்லை,
பிறகு கேட்கிறது.
அந்த ஒரு விரல் அகலத்தில்
வண்டியை ஓட்டுவது யாரென்று தெரியவில்லை.
கீழே சில்வர் ஓக், மிளகுக்கொடி,
இன்னும் கீழே
மேக்னசைட் தோண்டிய வெள்ளைக் குழி,
அதையும் தாண்டி ஊர், வெயிலில்
உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுபோல.

கோரிமேட்டில் மாதையன் பட்டறை.
முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை
மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் பிடித்து ஆட்டினார்.
"பால்பல்லு மாதிரி ஆடுதுங்க மேடம்."
ரப்பர் பூட் கிழிந்திருந்தது.
கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில்
மலையின் சிவப்பு மண்.
"டை ராடு எண்டு ரெண்டும் போச்சுங்க.
ரேக் நல்லாருக்கு. தப்பிச்சீங்க."
எதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.
பில்லிலிருந்து என்று வைத்துக்கொண்டேன்.

பழையதைக் கழற்றும்போது சுற்றை எண்ண வேண்டும்.
எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ
அத்தனை சுற்றில் புதியது உள்ளே போக வேண்டும்.
வலப்பக்கம் சிக்கலில்லை, இருபத்தொன்று,
இருவருக்கும் ஒரே கணக்கு.
இடப்பக்கத்தில்
அவர் வாய்விட்டு எண்ணினார், நான் மனதுக்குள்,
ஊசி இறங்கும்போது எண்ணுகிற பழக்கத்தில்.
பதினொன்று. பன்னிரண்டு.
போன் அடித்தது. அவர் மகள்,
ஸ்கூல் பஸ் அஸ்தம்பட்டியில் பஞ்சர்.
தோளில் போன், கை சுற்றிக்கொண்டே இருந்தது.
"பத்தொன்பதுங்க," என்றார் வைத்துவிட்டு.
"இருபது," என்றேன்.
இருவரும் மரையைப் பார்த்தோம்.
அது யாருக்கும் சாட்சி சொல்லவில்லை.

"டெய்லி மலை ஏறுறவங்களுக்கு
எதை எண்ணுனாலும் இருபதுதான் வரும்,
வளைவு அத்தனை இருக்குல்ல."
நியாயம்தான். ஆனால்
"பிஸ்கட் வாங்கித் தின்னுக்கிட்டு இரு" என்று
மகளிடம் அவர் சொன்னது பதின்மூன்றில்.
எனக்குத் தெரியும்.

இருபதே போட்டார்.
கொட்டர் பின்னைக் குறடால் மடித்தார், வேண்டாவெறுப்பாக.

அலைன்மென்டு, ஐந்து ரோட்டில்.
திரையில் இரண்டு எண்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.
கூடவே வந்திருந்த மாதையன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார்.
இடப்பக்கம் பச்சை.
சிவப்பாக இருந்தது வலப்பக்கம்,
நாங்கள் சண்டையே போடாத இருபத்தொன்று.
"டீ சாப்பிடுவமா மேடம்?" என்றார்.

இப்போது வண்டி உடனே கேட்கிறது.
கேட்பதுதான் தொல்லை.
இத்தனை மாதமாக
ஒரு விரலை முன்கூட்டியே கொடுத்துப் பழகிய கை,
இன்றும் கொடுத்தது.
மூன்றாவது வளைவில் கைப்பிடிச் சுவர்
கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து போனது.
மேலிருந்து இறங்கிய அரசு பஸ்
ஹாரனில் என்னைத் திட்டியது, நீளமாக.
மீதி வளைவுகளை
புதிதாக ஓட்டக் கற்றவள்போல் ஏறினேன்.
எண்ணவில்லை.

கொட்டச்சேட்டில் சடைச்சி
கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
"ஏன் இன்னிக்கு லேட்டு?"
"வண்டி வேலை."
ரப்பர் கட்டி, பஞ்சால் துடைத்து, தொட்டேன்.
விரலுக்கடியில் நரம்பு
மெல்ல விலகி ஓடியது.
"குத்தேன்," என்றாள்.
"இரு," என்றேன்.