கொஞ்சம்தான்

எல்டொரெட். பிரசவ அறை. விடியாத நான்கு மணி.
"கொஞ்சம்தான்" என்று எழுதினார்கள்
செருடோவின் அக்கா இழந்த ரத்தத்தை.
கண்ணால் பார்த்து.

அக்கா பிழைத்தாள்.
நகங்கள் மட்டும் வெளுத்தே கிடந்தன, மாதக்கணக்கில்.

சந்தையில் மக்காச்சோள மாவைக்
கிராம் பிசகாமல் நிறுக்கிற ஊர் இது.
அந்தத் தராசைத்தான் முதலில் பிரித்துப் போட்டாள்,
திருகு திருகாய், அடுப்படி மேசையில்.
பீட்ரூட் சாறு ஊற்றிய துணி, ஊற்றாத துணி,
கறைபட்ட நோட்டு.
கம்பெனிக்கு இன்னும் பெயரில்லை.

நைரோபியில் கண்ணாடி அறை.
"சந்தை எவ்வளவு பெரியது?" என்றார் ஒருவர்.
நனைந்த துணியை அவர் முன் வைத்தாள்:
"இதில் எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்."
இருநூறு மில்லி. மற்றவர், முந்நூறு.
தராசு சொன்னது: எழுநூற்று நாற்பது.
வெள்ளை விரிப்பில் சிவப்பு நடந்துபோனது.
பணம் தரவில்லை.
விரிப்பு வெளுக்கும் கூலியைக் கேட்டார்கள்.

திரும்பும் பேருந்தில், நகுரு தாண்டி, போன்.
இரவு நர்ஸ் நெகேசா:
"அந்தத் தராசு இன்னொன்று இருக்கிறதா?
இங்கே ரெண்டு பேர், ஒரே நேரத்தில்..."
சிக்னல் போனது.

மடியிலிருந்த பெட்டியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
பேருந்து மேடேறியது,
லாரிகளுக்குப் பின்னால்,
மாட்டுவண்டியாய்.